பேசாத ஏழு குடுவைகள்

வென்லி அந்த அட்டைப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஏழு துவாலைச் சுருள்கள் இருந்தன. தூங்குகிற பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல் ஒவ்வொன்றையும் இரண்டு கைகளாலும் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

பக்கத்து மேசையில் அம்மாவோடு சேர்ந்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ் அடுக்கிக்கொண்டிருந்த அஞ்சலினாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"உள்ளே என்ன? முயலா? பொம்மையா? கேக்கா?"

வென்லி இல்லை என்று கையை அசைத்தாள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பாட்டனி டவுன்ஸில் இருந்த அவர்கள் பள்ளியில் அந்தச் சனிக்கிழமை 'எங்கள் வீட்டிலிருந்து' விழா. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து, அதைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். பதினொரு மணிக்கு மண்டபத்தின் கதவு திறக்கும்.

வென்லி சீனாவிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வகுப்பில் யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டுவாள், அல்லது சிரிப்பாள். ஆங்கிலம் அவளுக்கு ஓரளவு புரியும். ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் தன்னையே பார்ப்பார்களே என்று பயம். அதனால் பக்கத்தில் உட்காரும் அஞ்சலினா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அவளுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை.

வென்லி முதல் துவாலையைப் பிரித்தாள். ஒரு சின்னத் தேநீர்க் குடுவை. பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஏழும் குடுவைகள். ஏழும் களிமண் நிறம். பூவோ படமோ பளபளப்போ எதுவும் இல்லை.

'ஐயோ, எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கிறதே!' என்று நினைத்தாள் அஞ்சலினா. நல்லவேளை, அந்த ஒரு தடவை நினைத்ததை வெளியே சொல்லவில்லை.

"என் அப்பா," என்றாள் வென்லி மெதுவாக. "அப்பா செய்தது."

வென்லியின் அப்பா யீஷிங் என்ற ஊரில் இருந்தார். தேநீர்க் குடுவை செய்வதுதான் அவர் வேலை. அவருக்கு நியூசிலாந்து விசா இன்னும் வரவில்லை. அம்மா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். அன்று காலைகூட வென்லியைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார்.

"நீ எப்படி இதைப் பற்றிப் பேசப் போகிறாய்?" என்று கேட்டாள் அஞ்சலினா.

"நான் பேசமாட்டேன். அட்டை பேசும்."

ஒவ்வொரு குடுவைக்கும் ஓர் அட்டை. அது எந்த வடிவம், எதைப் பார்த்துச் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அகராதியை வைத்துக்கொண்டு அம்மாவும் அவளும் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது. அட்டைகள் வகுப்பறையில் ஒரு கோப்பில் இருந்தன.

"நான் எடுத்து வருகிறேன்!" என்று அஞ்சலினா பாய்ந்து ஓடினாள். நடப்பது என்பது அவளுக்கு வராத ஒன்று.

வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. காற்று விடவில்லை. கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்தின் குறுக்கே ஓடி வந்தவள், பாதி வழியில் கூடைப்பந்து வளையத்தின் அருகே வழுக்கினாள். விழவில்லை. ஆனால் கோப்பு கைவிட்டுத் திறந்தது.

ஏழு அட்டைகளும் ஏழு பறவைகள்போல் எழும்பின.

அஞ்சலினா துரத்தினாள். நான்கு அட்டைகள் தேங்கிய தண்ணீரில் விழுந்தன. எடுக்கும்போதே எழுத்துகள் நீலமாகக் கரைந்து ஓடின. ஒன்று சேற்றில். இரண்டு வேலிக்கு மேலே பறந்து, தெருவைத் தாண்டி, போயே போய்விட்டன.

ஈரக் காகிதக் குப்பையோடு அவள் மண்டபத்துக்குள் வந்தபோது அம்மா பேர்ணடெட் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் ஏன் இப்பிடி இருக்கு? விழுந்திட்டியோ?"

அஞ்சலினா நேராக வென்லியிடம் போனாள். கையில் இருந்ததை நீட்டினாள்.

"காற்று... நான் ஓடியிருக்கக் கூடாது. என் தப்பு. மன்னித்துக்கொள், வென்லி."

வென்லி அழவில்லை, கோபப்படவும் இல்லை. கரைந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு குடுவையை எடுத்துத் திரும்பவும் துவாலையில் சுற்றத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால்கூட அஞ்சலினாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வகுப்பாசிரியர் மிஸ் கார்ட்டர் ஓடி வந்தார். மணி பத்தரை. "கவலைப்படாதே, போன் மொழிபெயர்க்கும்," என்று தன் போனை நீட்டினார். வென்லி அதனிடம் சீன மொழியில் ஏதோ சொன்னாள். மண்டபத்தில் நாற்காலிகளை இழுக்கிற சத்தம். போன் யோசித்துவிட்டு, "உங்கள் மாமா கூரையில் இருக்கிறார்," என்றது.

மிஸ் கார்ட்டர் அசடு வழியச் சிரித்துவிட்டு, எங்கோ கூப்பிட்ட குரலுக்குப் போய்விட்டார்.

வென்லி இரண்டாவது குடுவையைச் சுற்ற எடுத்தாள்.

"பொறு," என்றாள் அஞ்சலினா. "நான் சொல்கிறேன். நீ எனக்குச் சொல், நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இது என்ன?"

வென்லி தயங்கினாள். அந்தக் குடுவை குட்டையாக, அகலமாக இருந்தது. பக்கங்கள் அடியில் விரிந்து, மேலே வர வரக் கொஞ்சம் ஒடுங்கின. அதற்கான ஆங்கிலச் சொல் அவளுக்கு நினைவில் இல்லை. அட்டையில்தான் இருந்தது.

"தண்ணீர்," என்றாள். கையால் தரையைக் காட்டினாள். "கீழே. ரொம்பக் கீழே." பிறகு இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு கயிற்றை இழுத்தாள்.

அஞ்சலினா குனிந்து, கண்ணைக் குடுவையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

அப்போது அது நடந்தது. ஒரு கணம் முன்னால் அது வெறும் பழுப்புக் குடுவை. இப்போது அது ஒரு கிணற்றின் சுவர். போன கிறிஸ்மஸுக்கு இலங்கையின் மன்னாரில் அன்றூ மாமாவின் வீட்டில் அவள் எட்டிப் பார்த்த கிணற்றுக்கும் இப்படித்தான் வட்டமாகக் கட்டு இருந்தது. அந்தக் குளிர்ச்சிகூட முகத்தில் பட்டதுபோல் இருந்தது. ஒரு முழுக் கிணற்றை யாரோ உள்ளங்கைக்குள் அடக்கி வைத்திருந்தார்கள்!

"கிணறு!" என்று அவள் கத்தினாள். உற்சாகத்தில் தமிழில் வந்துவிட்டது. உடனே ஆங்கிலத்திலும் கத்தினாள்.

வென்லியின் முகம் மலர்ந்தது. "ஆம்! ஆம்!"

"அட்டை இல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது!" அஞ்சலினா மற்றக் குடுவைகளைப் பார்த்தாள். அவை எல்லாம் எதையோ தமக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு அமைதியாக நின்றன. "வென்லி, அட்டை இருந்திருந்தால் நான் அட்டையைத்தான் படித்திருப்பேன். குடுவையைப் பார்த்திருக்கவே மாட்டேன்."

அவள் ரோல்ஸ் பெட்டியின் மூடியைக் கிழித்து, பின்பக்கத்தில் தடித்த பேனாவால் எழுதினாள்:

ஒவ்வொரு குடுவையும் எதைப் பார்த்துச் செய்தது? கண்டுபிடியுங்கள்! தொட வேண்டாம். கண்ணால் தொடலாம்.

"நீ பேச வேண்டாம்," என்றாள் வென்லியிடம். "சரி என்றால் தலையை ஆட்டு. தப்பு என்றால் சிரி. உனக்குத்தான் அது நன்றாக வருமே."

வென்லி அப்போதே சிரித்துவிட்டாள். சுற்றிய முதல் குடுவையைத் திரும்பவும் பிரித்து வைத்தாள்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவன் அஞ்சலினாவின் ஆறு வயதுத் தம்பி கிரிஷான். உருண்டு தட்டையாக இருந்த ஒரு குடுவையை உற்றுப் பார்த்தான். அதன் மேலேயும் கீழேயும் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன ஆணித்தலைகள்போல் புள்ளிகள்.

"பர்கர்," என்றான்.

வென்லி சிரித்தாள்.

"பெரிய பர்கர்?"

இன்னும் சிரித்தாள். பின்னால் நின்ற சியோனே என்ற பையன் எட்டிப் பார்த்தான். அவன் பள்ளி மேளக் குழுவில் இருந்தான். ஒன்றும் சொல்லாமல் மேசை விளிம்பில் விரல்களால் தட்டினான். டும் டும் டக்க டும்.

வென்லி வேகமாகத் தலையை ஆட்டினாள். மேளம்! தோலை இழுத்துக் கட்டி ஆணி அடித்த மேளம்!

அதன்பிறகு மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வகுப்புத் தோழி அஷ்மிதா பூசணிக் குடுவையைக் கண்டுபிடித்தாள். அதன் உடம்பில் பூசணிக்காயின் வரிகள் இருந்தன. கைப்பிடி வளைந்த கொடி. மூடியின் குமிழ் காம்பு. "மூக்கைப் பாருங்கள், சுருட்டிய இலை!" என்று அவள் கண்டுபிடித்தபோது எல்லோரும் இன்னும் நெருங்கினார்கள். இலையின் நரம்புகள்கூட அங்கே இருந்தன.

கணு வைத்த குடுவை மூங்கில் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அடி தட்டையாக, மேலே வளைவாக இருந்த குடுவையின் முன் எல்லோரும் திணறினார்கள். "தொப்பி!" "ஆமை!" என்றெல்லாம் சொன்னார்கள். படகில் மீன் பிடிக்கப் போகிற ஒரு அப்பாதான் கடைசியில் சொன்னார்: "அரை நிலா. நான் படகு விடுகிற இடத்தின் பெயரே ஹாஃப் மூன் பே. எனக்குத் தெரியாதா?"

ஐந்தும் முடிந்தன. மீதி இரண்டு.

ஆறாவது குடுவை அவலட்சணமாக இருந்தது. மேடும் பள்ளமும் சுருக்கமும். "மூளை," என்றது ஒரு குரல். "வால்நட்," என்றது இன்னொன்று. வென்லி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பள்ளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் கையில் ஒரு ரோல்ஸோடு வந்தார். பார்த்தவுடன் நின்றுவிட்டார்.

"மரம். வயதான மரத்தில் புடைத்துக்கொண்டு வருமே, அந்த முண்டு. சுருள் சுருளாக, அப்படியே இருக்கிறதே!" மெல்வதைக்கூட மறந்து நின்றார்.

வென்லி தலையை ஆட்டினாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். பேசினாள்.

"முதல் குடுவை இப்படித்தான் என்று சொல்வார்கள். ஐந்நூறு வருஷம் முன்னால். கோயிலில் மரம். ஒருவர் அந்த மரத்தைப் பார்த்தார். விரலால் செய்தார்." அவள் குடுவையைத் திருப்பிக் காட்டினாள். சுருக்கங்களுக்கு நடுவே ஒரு விரல் பதிந்த பள்ளம் இருந்தது. மெல்லிய ரேகைகள்கூடத் தெரிந்தன. "இது என் அப்பாவின் விரல்."

அவள் தன் விரலை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். அவள் விரல் சின்னது. சுற்றி இடம் மிச்சம் இருந்தது.

அஞ்சலினா அந்தப் பள்ளத்தைப் பார்க்கக் குனிந்தாள். மேசையைச் சுற்றி நின்ற மற்றவர்களும் குனிந்தார்கள்.

ஏழாவது குடுவைதான் எல்லாவற்றிலும் சின்னது. ஓர் ஆரஞ்சுப் பழ அளவு. உருண்டையான வயிறு, நேரான சின்ன மூக்கு, காது மாதிரி ஒரு கைப்பிடி. வரி இல்லை, கணு இல்லை, புள்ளி இல்லை.

முட்டை என்றார்கள். வெங்காயம் என்றார்கள். ஆப்பிள், விளக்கு, குண்டுக் குருவி. கிரிஷான் விடாமல் "பர்கர்" என்றான். எல்லாவற்றுக்கும் வென்லி சிரித்தாள்.

"நாங்கள் தோற்றுவிட்டோம்," என்றாள் அஞ்சலினா. "சொல்லிவிடு."

வென்லி சுற்றிப் பார்த்தாள். குறைந்தது நாற்பது பேர். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் எட்டு மாதமாகப் பயந்தது இதற்குத்தான். அவள் காதுகள் சிவந்தன. அஞ்சலினா மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணீர் வேண்டும்," என்றாள் வென்லி. "பெரிய கண்ணாடிக் கிண்ணம்."

அஞ்சலினா பள்ளிச் சமையலறைக்கு நடந்து போனாள். ஆம், நடந்து. கிண்ணம் நிறையத் தண்ணீரோடு இன்னும் மெதுவாகத் திரும்பி வந்தாள். அந்த நேரத்தில் வென்லியின் அம்மாவும் வேலைச் சீருடையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மகளைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கண்டு திகைத்தார். பிறகு அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார்.

வென்லி சின்னக் குடுவையை மூடியோடு எடுத்தாள். இரண்டு கைகளாலும் தண்ணீருக்கு மேலே பிடித்தாள்.

"கடவுளே, என்ன செய்யப் போகுது இந்தப் பிள்ளை?" என்றார் பேர்ணடெட். "மண் கேத்தில் எல்லோ, தண்ணிக்குள்ள தாண்டு அடிக்குப் போயிடும்!"

"வேண்டாம், வென்லி!" என்று அஞ்சலினாவின் வாய்வரை வந்துவிட்டது. அது வென்லியின் அப்பா செய்தது. அட்டை போனால் வேறு எழுதலாம். இது போனால்?

வென்லி கையை எடுத்துவிட்டாள்.

குடுவை இறங்கியது. கால்வாசி மூழ்கியது. பாதி மூழ்கியது. யாரோ "ஆ!" என்றார்கள்.

பிறகு அது நின்றது. இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம். அவ்வளவுதான். சுட்ட களிமண்ணால் ஆன அந்தக் குடுவை ஒரு குட்டி வாத்தைப்போலத் தண்ணீரின் மேல் மிதந்தது. மூக்கின் பக்கம் சாயவில்லை, கைப்பிடியின் பக்கமும் சாயவில்லை. மூக்கின் நுனி, குடுவையின் வாய், கைப்பிடியின் உச்சி மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே, அதற்கு இணையாக, தண்ணீரின் கோடு.

கிரிஷான் வாயைத் திறந்தபடி நின்றான். பர்கர் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

"இதன் பெயர் தண்ணீர் மட்டம்," என்றாள் வென்லி. அவள் குரல் சின்னதுதான், ஆனாலும் கடைசி வரிசைவரை கேட்டது. "மற்றது எல்லாம் மேளம் பார்த்து, மரம் பார்த்துச் செய்தது. இது தண்ணீரைப் பார்த்துச் செய்தது. மூக்கு கொஞ்சம் கனம் கூடினால் சாயும். கைப்பிடி கூடினாலும் சாயும். அப்பா செய்வார், போடுவார், சாயும். திரும்பச் செய்வார். இது பதினொன்றாவது."

"மற்றப் பத்தும்?" என்று கேட்டான் சியோனே.

வென்லி யோசித்தாள். "வீட்டில். அதில் எல்லாம் செடி வளர்கிறது," என்றாள்.

எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள், கை தட்டினார்கள். "இன்னும் ஒருமுறை! இன்னும் ஒருமுறை!" என்றார்கள். அன்று மதியம் முடிவதற்குள் அந்தக் குடுவை பதினான்கு தடவை மிதந்தது. ஒவ்வொரு தடவையும் வென்லியே பேசினாள். ஒன்பதாவது தடவைக்குப் பிறகு அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அஞ்சலினா உதவ வந்தபோது, "நான் சொல்கிறேன், நீ ரோல்ஸ் சாப்பிடு," என்று தள்ளிவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஒரு பை நிறைய, கொய்யா மாதிரியான ஃபிஜோவாப் பழங்களை அஞ்சலினாவிடம் கொடுத்தார். இலையுதிர் காலம் வந்தால் ஆக்லாந்தில் எல்லா வீட்டு மரமும் பழங்களைக் கொட்டும். யாருக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் ஆள் தேடுவார்கள்.

"இதை வென்லியின்ர அம்மாட்டக் குடு. நேற்று அந்தப் பிள்ளை என்ன வடிவாய்க் கதைச்சது! தம்பியையும் கூட்டிக்கொண்டு போ."

வென்லியின் வீட்டுக் கதவு அவர்கள் தட்டுவதற்கு முன்பே திறந்தது. "அப்பா பேசி அனுப்பினார்!" என்றாள் வென்லி. அவள் அம்மா அனுப்பிய வீடியோவை அவர் ஆறு தடவை பார்த்தாராம். போனில் அவர் குரல் ஓடியது. வென்லி ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொன்னாள்.

"உரக்கப் பேசுகிற அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல். நான் எப்போதும் எங்கள் ஊர் மூங்கிலையும் கிணற்றையும் பார்த்துத்தான் செய்கிறேன். உங்கள் ஊரை எனக்குத் தெரியாது. அங்கே எதைப் பார்த்து ஒரு குடுவை செய்யலாம்? இரண்டு பேரும் தேடிச் சொல்லுங்கள்."

"ஆடு!" என்றான் கிரிஷான் உடனே.

"ஆட்டுக்கு எங்கேயிருந்து தேநீர் ஊற்றும்?" என்று கேட்டாள் அஞ்சலினா. கிரிஷான் யோசித்துப் பார்த்துவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

வென்லி பையிலிருந்து ஒரு ஃபிஜோவாவை எடுத்தாள். அதை மேசைமேல் படுக்க வைக்காமல், நிமிர்த்தி நிற்க வைத்தாள்.

பச்சையாக, முட்டைபோல நின்றது. உச்சியில் பூ உதிர்ந்த இடத்தில் நான்கு குட்டி இலைகளோடு ஒரு கிரீடம்.

அஞ்சலினா குனிந்து, கண்ணைப் பழத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். எத்தனையோ வருஷமாக, காலணியால் மிதித்து வழுக்குகிற அளவுக்கு அவள் பார்த்த பழம். இதுவரை அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"அந்தக் கிரீடம்..." என்று முணுமுணுத்தாள்.

"மூடியின் குமிழ்," என்றாள் வென்லி.

"மூக்கு?"

"கிளை. கைப்பிடியும் கிளை."

நான்கு பக்கமும் நின்று அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் கிரிஷானின் கையையும் வைத்தார்கள்.

சில நிமிடத்தில் யீஷிங்கிலிருந்து பதில் வந்தது. அதில் ஒரு சொல்கூட இல்லை. ஒரு படம் மட்டும்தான்: மரப் பலகைமேல் வெட்டி வைத்த புதுக் களிமண், அதன் மேல் வேலையைத் தொடங்கிவிட்ட ஒரு பெரிய கை.